ஆள் குறைந்தால் படகு கிளம்பாது

ஒரு கையில் இரண்டு ஊசி குத்தி, மெஷினோடு இணைத்து, நான்கு மணி நேரம் அந்தக் கையை அசைக்காதே என்று படுக்க வைத்த பிறகும் ஓர் ஆஸ்பத்திரியை முழுதாக நடத்தக்கூடியவர் எங்கள் மாவட்டத்தில் ஒருவர்தான். அவர் டாக்டர் இல்லை, நோயாளி. பாம்பன் பக்கம் ரோட்டோரத்தில் தார்ப்பாய் கட்டிக் கருவாடு விற்கிற அம்மாள். மிச்சமிருந்த ஒரு கையை மட்டும் நீட்டி எங்களை எல்லாம் ஓட ஓட விரட்டினார். இரண்டு கையும் சும்மா இருந்திருந்தால் மாவட்ட நிர்வாகத்தையே எடுத்துக்கொண்டிருப்பார் என்பது என் கணிப்பு.

அவருக்குப் பெயர் சம்மாட்டி. எங்கள் கடற்கரையில் படகு வைத்திருந்து, ஆட்களைச் சேர்த்துக் கடலுக்கு அனுப்புகிறவரை அப்படிச் சொல்வார்கள். இவரிடம் படகு கிடையாது. ஒரு தார்ப்பாய், ஒரு தராசு, ஊரையே எழுப்பும் ஒரு தொண்டை, இவ்வளவுதான் சொத்து. ஆனால் டயாலிசிஸ் வார்டைப் படகு என்றும், எங்கள் காலை ஷிஃப்ட் நோயாளிகளைத் தன் ஆட்கள் என்றும் அவரே முடிவு செய்துவிட்டார். யாரும் மறுக்கவில்லை. மறுக்கும் அளவுக்கு எங்களில் யாருக்கும் தெம்பு இல்லை.

நான் அங்கே டெக்னீசியன். ராமநாதபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரி. திருப்புல்லாணியிலிருந்து முதல் பஸ்ஸில் வந்து மெஷின்களைக் கழுவி, குழாய் மாட்டி, முதல் ஷிஃப்டைத் தொடங்கி வைப்பது என் வேலை. சிறுநீரகம் கைவிட்டவர்களின் ரத்தத்தை வெளியே எடுத்து, சுத்தம் செய்து, திரும்ப உள்ளே அனுப்பும் வேலையை அந்த மெஷின் செய்கிறது. குடித்த தண்ணீர் வெளியேற வழியில்லாமல் உடம்பிலேயே தங்கிவிடும். அதையும் மெஷின்தான் உறிஞ்ச வேண்டும். சில முறை தொடர்ந்து வராமல் இருந்தால் தண்ணீர் நெஞ்சில் ஏறும். அதற்குப் பிறகு என்ன ஆகும் என்பதை வார்டில் யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டோம்.

வந்த புதிதில் சம்மாட்டி யாரோடும் பேசமாட்டார் என்றால் இன்று ஒருவரும் நம்புவதில்லை. சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துவிடுவார். இட்லி வேண்டாம், டிவி வேண்டாம், போர்வை வேண்டாம். “இந்தம்மா தேறாது” என்று சீனியர் நர்ஸ் என் காதில் சொன்னார். ரிப்போர்ட்டைப் பார்த்தால் எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஒருநாள் பக்கத்துக் கட்டில் பையனுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. அவன் ராமநாதபுரத்தில் ஆட்டோ ஓட்டுகிறவன். அதனால் அவன் பெயர் ஆட்டோ. டயாலிசிஸ் முடியப்போகும் நேரத்தில் இப்படிப் பிடிப்பது சகஜம், ஆனால் வலி சகஜமாக இருக்காது. ஆட்டோ அலறினான். நான் அடுத்த வரிசையில் ஒருவருக்கு ஊசி எடுத்துக்கொண்டிருந்தேன், விட்டுவிட்டு ஓட முடியாது. அப்போது சுவரைப் பார்த்துக்கொண்டிருந்த அம்மாள் திரும்பினார். ஊசி குத்திய கையை அசைக்காமல், தன் காலை மட்டும் கட்டிலுக்கு வெளியே வீசி, அவன் உள்ளங்காலில் தன் உள்ளங்காலை வைத்து ஓர் அழுத்து அழுத்தினார்.

“ஏலே, காலை விறைக்காத! பெருவெரலை உன் மூஞ்சியப் பார்த்து இழு! கடலுக்குள்ள விழுந்து இப்படிப் பிடிச்சா எவன்டா வந்து உருவிவிடுவான்? இழுலே!”

ஆட்டோ இழுத்தான். கெண்டைக்கால் இளகியது. வியர்த்துக் கொட்டிய சம்மாட்டி என்னைப் பார்த்து முதன்முதலாக ஒரு கேள்வி கேட்டார்.

“ஏத்தா, இங்கன இட்லி குடுப்பாகன்னு சொன்னியே, அது எங்க?”

அன்று அவருடைய ரத்த அழுத்தம் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒழுங்காக இருந்தது. அதற்கு எங்கள் பாடப் புத்தகத்தில் விளக்கம் இல்லை. தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

அதற்குப் பிறகு வார்டு எங்கள் கையை விட்டுப் போனது.

டயாலிசிஸ் செய்துகொள்கிறவர்களுக்குக் கையில் ஒரு சிறு ஆபரேஷன் செய்து, ரத்தக்குழாய் இரண்டை இணைத்து வைப்பார்கள். ஊசி குத்தும் இடம் அதுதான். பிஸ்டுலா என்று பெயர். அதன் மேல் விரலை வைத்தால் கிர்ரென்று அதிரும். காதை வைத்தால் தூரத்தில் விசைப்படகு போகிற சத்தம் கேட்கும். அந்தச் சத்தம் நின்றால் குழாய் அடைத்துக்கொண்டது என்று அர்த்தம். தினமும் தொட்டுப் பார்க்கச் சொல்லி நாங்கள் போஸ்டர் ஒட்டியிருந்தோம். யாரும் படிப்பதில்லை. சம்மாட்டி போஸ்டரை நம்பவில்லை. காலையில் உள்ளே நுழைகிற ஒவ்வொருவரையும் வாசலிலேயே மறித்து, கையைப் பிடித்துத் தன் காதில் வைத்துக்கொள்வார்.

“எஞ்சின் ஓடுதா?”

“ஓடுது சம்மாட்டி.”

“ஓடுதுன்னு நீ சொல்லக் கூடாது, அது சொல்லணும். ம்… ஓடுது. போ, ஏறு.”

குட் மார்னிங் என்ற வார்த்தை எங்கள் வார்டில் அத்தோடு செத்தது. விசிட் வந்த பெரிய டாக்டரே ஒருநாள் வாய்தவறி “என்ன, எஞ்சின் எல்லாம் ஓடுதா?” என்று கேட்டுவிட்டு, இருமிச் சமாளித்தார்.

அடுத்தது எடை மெஷின். முந்தின முறை போனபோது இருந்த எடைக்கும் இன்றைய எடைக்கும் உள்ள வித்தியாசம்தான் இடையில் குடித்த தண்ணீர். ராமநாதபுரத்து வெயிலில் அளந்து தண்ணீர் குடி என்றால் யார் குடிப்பார்கள்? எல்லோரும் திருடுவார்கள். திருடிவிட்டு எடை மெஷினை ஏமாற்றப் பார்ப்பார்கள். ஆட்டோ செருப்பைக் கழற்றுவான், பெல்ட்டைக் கழற்றுவான், சாவிக்கொத்தை என்னிடம் கொடுப்பான், கடைசியில் மூச்சை வெளியே விட்டுக்கொண்டு ஏறுவான். சம்மாட்டி பக்கத்தில் நின்று முள்ளைப் பார்ப்பார்.

“கடல்ல மூழ்குறவன் இம்புட்டுத் தண்ணி குடிப்பான், சரி. நீ கரையில நின்னுக்கிட்டே எப்படிலே குடிச்ச?”

“ஒரு சர்பத்துதான் சம்மாட்டி…”

“சர்பத்தா, பாக் ஜலசந்தியா?”

அவருடைய கடை தனிக்கதை. சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்குக் கருவாடு விஷம், உப்புதான் எதிரி. கருவாட்டிலேயே பிறந்து வளர்ந்தவர், தன் கடைச் சரக்கைத் தானே தொட முடியாமல் போனார். வேறு யாராக இருந்தாலும் அழுதிருப்பார்கள். இவர் வாடிக்கையாளர்களை விசாரிக்கத் தொடங்கினார். ராமேஸ்வரம் கோயிலைப் பார்த்து, தனுஷ்கோடியைப் பார்த்து, கடைசியாகக் கருவாடு வாங்கக் காரை நிறுத்துகிற குடும்பத்திடம், “பிரஷர் இருக்கா? சுகர்? கால் வீங்குதா? எங்க, பாதத்தைக் காட்டுங்க” என்பார். பாதம் கொஞ்சம் தடித்திருந்தால் போச்சு. “உங்களுக்குக் கிடையாது. போய் ரத்தம் டெஸ்ட் பண்ணிட்டு வாங்க.” கருவாடு வாங்க வந்து ரத்தப் பரிசோதனைக்குச் சீட்டு வாங்காத குறையாகத் திரும்பியவர்கள் எத்தனை பேரோ. “யாவாரம் படுத்துராதா சம்மாட்டியம்மா?” என்று கேட்டேன். “படுக்கட்டும். நான்தான் படுத்து எந்திரிக்கேன்ல, அது எந்திரிக்காதா?” என்றார்.

அவருடைய ஜெபத்தையும் சொல்லிவிட வேண்டும். ஊசி குத்தும்போது கண்ணை மூடி, வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி மாதாவிடம் பேசுவார். “மாதாவே, எடுத்துக்கிறதுன்னா எடுத்துக்க. நான் ரெடி. ஆனா இந்தப் புள்ளைகளை வச்சுக்கிட்டு இப்ப வர முடியாது. இந்த ஷிஃப்ட் முடியட்டும், பிறகு பேசுவோம்.” ஷிஃப்ட் முடிந்ததும் பஸ்ஸுக்கு நேரமாகிவிடும், பேச மாட்டார். அடுத்த முறை வந்து மறுபடியும் இதையே சொல்வார். மாதாவுக்கு ஓர் இடைவெளி கிடைத்து நான் பார்த்ததில்லை.

இந்தப் படகில் ஒருவர் மட்டும் சம்மாட்டியின் கட்டுக்குள் வராமல் இருந்தார். முதுகுளத்தூர்ப் பக்கத்து விவசாயி. மிளகாய் போட்டவர், ஆடு வளர்த்தவர். பெயர் மொளகாய் அய்யா. முகமும் அப்படித்தான், காய்ந்து சுருங்கிச் சிவந்திருக்கும். யாரோடும் சேர மாட்டார். “எஞ்சின் ஓடுதா அண்ணே?” என்று சம்மாட்டி கேட்டால், “ஓடி என்னத்தைக் கிழிக்கப் போகுது” என்பார். மகன் பைக்கில் கொண்டுவந்து விடுவான். காட்டு வேலை கெடுகிறதே என்று மகன் ஒருமுறை போனில் சொன்னது அவர் காதில் விழுந்திருக்கிறது. அதிலிருந்து பேச்சு இன்னும் குறைந்தது.

பிறகு ஒரு முறை வரவில்லை. அடுத்த முறையும் வரவில்லை.

ஆஸ்பத்திரிக்கு இதற்கு ஒரு நடைமுறை உண்டு. போன் செய்வோம், எடுக்கவில்லை என்றால் குறித்து வைப்போம். காத்திருப்பில் நிறையப் பேர் இருப்பதால் காலியான கட்டிலுக்கு அடுத்தவரை அழைப்போம். அன்று காலை அதைத்தான் செய்தேன். புதியவர் ஒருவர் வந்து மொளகாய் அய்யாவின் கட்டிலில் உட்கார்ந்தார்.

சம்மாட்டி பார்த்தார். படுத்தவர் எழுந்து உட்கார்ந்தார். நான் ஊசியை எடுத்துக்கொண்டு போனபோது கையை மடக்கி முந்தானைக்குள் வைத்துக்கொண்டார்.

“மொளகா எங்க?”

“வரலம்மா. போன் எடுக்கலை.”

“அப்ப படகு கிளம்பாது.”

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். அவர்கள் கரையில் ஒரு படகு திரும்பவில்லை என்றால் அன்று மற்ற படகுகள் மீனுக்குப் போகாது. எல்லாம் தேடத்தான் போகும். கிடைத்தாலும் சரி, கிடைக்காவிட்டாலும் சரி, தேடாமல் வலையைத் தொட மாட்டார்கள்.

“ஆளைக் கடல்ல விட்டுட்டு நீ மட்டும் வீட்டுக்குப் போய் சோறு திம்பியாத்தா?”

“இது கடல் இல்லம்மா, ஆஸ்பத்திரி. உங்களுக்குப் பொட்டாசியம் ஏறியிருக்கும். லேட் பண்ணினா ஆபத்து.”

“உன் பொட்டாசியத்தை எனக்குத் தெரியாது. மொளகாயைத் தெரியும்.”

திரும்பிப் பார்த்தால் ஆட்டோவும் கையை மடக்கியிருந்தான். அவனுக்கு அடுத்தவரும். அந்தப் பக்கம் இருந்த டீச்சரம்மா தயங்கித் தயங்கி, புடவையை இழுத்துவிட்டுக்கொண்டு, அவரும் மடக்கினார். வேலைநிறுத்தத்தில் அந்தக் கரைக்காரர்களை மிஞ்ச ஆள் கிடையாது. ஆனால் தங்கள் உயிரைக் காப்பாற்றும் மெஷினுக்கு எதிராகவே ஒருவர் வேலைநிறுத்தம் அறிவித்ததை அன்றுதான் பார்த்தேன்.

டியூட்டி டாக்டர் ஓடிவந்தார். சின்ன வயசு, கோபம் வந்தால் குரல் உடையும்.

“என்னம்மா இது? யூனியனா? உங்க உசுருக்கு ஆபத்துன்னு சொல்றாங்கல்ல?”

“எனக்கு ஆபத்துன்னா ஓடி வாரீகள்ல டாக்டர்? மொளகா ரெண்டு தடவை வரலை. அவருக்கு ஆபத்துன்னு யாரு ஓடுனா?”

டாக்டர் என்னைப் பார்த்தார். நான் மெஷினைப் பார்த்தேன். மெஷின் தயார் என்று பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டிருந்தது. புதிதாக வந்தவர் மெதுவாக அந்தக் கட்டிலிலிருந்து எழுந்து ஓரமாக நாற்காலியில் உட்கார்ந்தார்.

டாக்டரே தன் போனிலிருந்து மகனை அழைத்தார். மகன் அப்பாவிடம் கொடுத்தான். சம்மாட்டி போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டார்.

“என்னண்ணே, வரலையா?”

“இல்லத்தா. போதும்.” மூச்சு இரைப்பது எங்களுக்கே கேட்டது. “கட்டிப் போட்ட ஆடு கணக்கா எம்புட்டு நாளைக்கு? நான் வந்து யாருக்கு என்ன பிரயோசனம்? சொல்லுங்க பாப்போம்.”

ஆறுதல் சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

“ஒரு பிரயோசனமும் இல்லண்ணே. அது எங்க எல்லாருக்கும் தெரியும்.”

சம்மாட்டி போனை வாய்க்கு இன்னும் பக்கத்தில் கொண்டுபோனார்.

“ஆனா நீ வந்தாத்தான் நாங்க ஏறுவோம்னு உக்காந்துட்டோம். நம்பலையா? வீடியோ போடு. ஏலே ஆட்டோ, காலைக் காட்டு.”

ஆட்டோ வீங்கிய காலைக் கேமராவுக்கு நேரே தூக்கினான். டீச்சரம்மா காட்டினார். சம்மாட்டி கடைசியாகத் தன் பாதத்தை விரலால் அழுத்தி, குழி விழுந்து மேலே வராமல் நின்றதைப் பொறுமையாகக் காட்டினார். திரையில் மொளகாய் அய்யாவின் முகம் தெரிந்தது. அவர் முகமும் வீங்கியிருந்தது.

“கிறுக்குப் பிடிச்ச பொம்பளை! அந்த டெக்னீசியன் புள்ள என்னத்தைப் பண்ணுது? ஊசியக் குத்தச் சொல்லுத்தா!”

“நீ வண்டி ஏறு, நான் ஊசி ஏறுறேன்.”

அதற்குப் பிறகு அவர் திட்டியதை எழுத முடியாது. முதுகுளத்தூர் வட்டாரத்தில் மனுஷரையும் ஆட்டையும் திட்ட இருக்கிற மொத்த வார்த்தைகளும் அதில் இருந்தன. போன் துண்டானது. நான் ஒவ்வொருவர் நாடியையும் பார்த்துக்கொண்டே நடந்தேன். சம்மாட்டியின் உதடு லேசாக நீலம் பாரித்திருந்தது. “அம்மா, பிளீஸ்” என்றேன். “பேசாம இருத்தா. தேடப் போன படகு பாதியில திரும்பக் கூடாது” என்றார்.

போன் அடித்தது. வீடியோ. காற்று இரைச்சல். திரை முழுக்க ஓர் ஆட்டின் முகம். அதை ஒதுக்கிக்கொண்டு மொளகாய் அய்யா தெரிந்தார். சந்தைக்குப் போகிற குட்டியானை வண்டியில், முன் சீட்டில் இடமில்லாமல், பின்னால் ஆடுகளுக்கு நடுவே கோணிச்சாக்கின் மேல் உட்கார்ந்திருந்தார். கம்பியோடு சேர்த்து மகன் அவரைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

“ஏறிட்டேன்! பாத்துக்கங்க! ஆடு சாட்சி! இப்பவாச்சும் குத்திக்கிட்டுத் தொலைங்க!”

சம்மாட்டி முந்தானையிலிருந்து கையை எடுத்து என்னிடம் நீட்டினார்.

“கிளப்புத்தா படகை.”

மொளகாய் அய்யா வந்து சேர்ந்தபோது ஆட்டுப் புழுக்கை வாசனை அவருக்கு முன்னால் வந்தது. நேரே ஆக்ஸிஜனும் மெஷினும். கொஞ்சம் மூச்சு வந்ததும் தலையைத் திருப்பி, “கருவாட்டுக்காரி” என்றார். “சொல்லுண்ணே” என்றார் சம்மாட்டி. “ஒண்ணுமில்ல” என்றார்.

அன்றே அவருக்கு வேலை கொடுக்கப்பட்டது. ஆட்டுக்காரர் எப்படியும் கோழி கூவும் முன் எழுகிறவர். அதனால் டயாலிசிஸ் நாளில் எல்லோருக்கும் போன் செய்து எழுப்புவது அவர் பொறுப்பு. ஏன் கொடுத்தோம் என்று படகே வருந்தியது. இருட்டு விலகும் முன் போன் அடிக்கும். “எஞ்சின் ஓடுதா?” என்பார். தொட்டுப் பார்க்காமல் பதில் சொன்னால் கண்டுபிடித்துவிடுவார். டாக்டர் நம்பரும் அவர் போனில் இருந்ததால் டாக்டரையும் எழுப்பினார். என்னையும் எழுப்பினார். “எனக்கு பிஸ்டுலா கிடையாது அய்யா” என்றேன். “அதனால என்ன, உங்களுக்குன்னு ஒரு எஞ்சின் இருக்கும்ல” என்றார். மகன் சொன்னான்: “அய்யா இப்ப ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப என்னைத்தான் விரட்டுறாருக்கா.”

பிறகு ஒருநாள் அந்தப் போனை சம்மாட்டி எடுக்கவில்லை.

முந்தின முறை வாசலில் அவர் எல்லோர் கையையும் காதில் வைத்துக் கேட்டு அனுப்பிவிட்டு, கடைசியாகத் தன் கையைக் காதில் வைத்தார். கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு என்னிடம் நீட்டி, “நின்னுருச்சுத்தா” என்றார். தொட்டேன். அதிர்வு இல்லை. அடைப்பை எடுக்க முயன்றார்கள், முடியவில்லை. கழுத்தில் தற்காலிகக் குழாய் போட்டு அன்றைய டயாலிசிஸ் நடந்தது. மற்றொரு கையில் புதிதாக ஆபரேஷன் செய்ய வேண்டும், அது தேற நாளாகும் என்று டாக்டர் சொன்னார். சம்மாட்டி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார்.

அடுத்த முறை வரவில்லை. போன் ஆஃப்.

மொளகாய் அய்யா கட்டிலில் ஏறாமல் நின்றார். “அய்யா, மறுபடியும் ஸ்ட்ரைக்கா?” என்றேன். “எதுக்கு? அன்னைக்கு ஸ்ட்ரைக் பண்ணது அவுக, நம்மளுக்குத் தேடத்தான் தெரியும். எனக்கும் ஆட்டோவுக்கும் மதிய ஷிஃப்ட் போடுங்க. கூட்டியாரோம்” என்றார். ஆட்டோவின் ஆட்டோ பாம்பனைப் பார்த்துப் பறந்தது.

அங்கே நடந்ததை ஆட்டோ எனக்கு வீடியோவில் காட்டினான். கடைக்குப் பின்னால்தான் வீடு. கதவு சாத்தியிருந்தது. கூப்பிட்டார்கள். “போங்கலே, மாதா கூப்பிட்டாச்சு” என்று மட்டும் உள்ளேயிருந்து பதில். மொளகாய் அய்யா கெஞ்சவில்லை. தார்ப்பாயைத் தூக்கிக் கட்டினார், கூடைகளை எடுத்து வைத்தார், கடை திறந்துவிட்டார். வாழ்நாளில் மிளகாயைத் தவிர வேறெதையும் விற்றிராதவர்.

ஒரு கார் நின்றது.

“இது என்ன கருவாடுங்க?”

“காஞ்ச மீனுங்க.”

“என்ன மீன்?”

“செத்த பிறகு அதுக்கு என்னங்க பேரு? எடுத்துக்கங்க.”

கதவுக்குப் பின்னால் ஒரு முனகல் கேட்டது. மொளகாய் அய்யா குரலை உயர்த்தினார். வாளையைத் தூக்கி, “இது சுறாங்க” என்றார். சூடையை அள்ளி, “நெத்திலி, நயம் நெத்திலி” என்றார். கதவு லேசாக அசைந்தது, திறக்கவில்லை. அப்போது அவர் கடைசி அஸ்திரத்தை எடுத்தார்.

“வாங்குங்கய்யா, அள்ளித் தின்னுங்க! கருவாடு கிட்னிக்கு அம்புட்டு நல்லது! நாங்க ரெண்டு பேரும் தின்னுதான் இப்படி இருக்கோம்!”

கதவு சுவரில் மோதித் திறந்தது. கழுத்தில் கட்டுப் போட்டபடி, தலைமுடி பறக்க, சம்மாட்டி.

“அடப்பாவி மனுஷா! சனத்தைக் கொல்லப் பாக்குறியா? ஏங்க, அதைக் கீழ வைங்க! பிரஷர் இருக்கா உங்களுக்கு? பாதத்தைக் காட்டுங்க!”

“நீ உள்ள போய்ப் படுத்துக்கிட்டா வெளிய நடக்குறதை யாருத்தா பாக்குறது?” என்றார் மொளகாய் அய்யா, சூடையைக் கூடையில் போட்டபடி.

சம்மாட்டி அவரைப் பார்த்தார். கூடைகளைப் பார்த்தார். கடலைப் பார்த்து, “மாதாவே, நீயும் இந்த மனுஷனும் சேந்துதான் பண்ணுறீக” என்று சண்டைக்குப் போனார். பிறகு தார்ப்பாயை இழுத்து மூடினார்.

“வண்டியை எடுலே.”

மதிய ஷிஃப்டில் மூவரும் பக்கத்துப் பக்கத்தில் படுத்திருந்தார்கள். “சூடையைப் போய் நெத்திலிங்கிறாரு” என்று நான்கு மணி நேரமும் ஒரே வாக்கியத்தைச் சொல்லித் திட்டிக்கொண்டிருந்தார் சம்மாட்டி. ரத்த அழுத்தம் ஒழுங்காக இருந்தது. இந்த முறை நான் புத்தகத்தில் தேடவில்லை.

இப்போது நான் மதுரையில் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் இருக்கிறேன். மெஷின்கள் அதிகம், ஆட்கள் அதிகம், வாசலில் மறிக்க ஆள் இல்லை. விடியும் முன் மொளகாய் அய்யாவின் போன் மட்டும் தவறாமல் வருகிறது. சம்மாட்டியின் புதுக் கை தேறிவிட்டது. போனைக் கான்ஃபரன்ஸில் போட்டு, அவரும் ஆட்டோவும் சேர்ந்துகொள்கிறார்கள்.

“அங்கன ஆளு யாரும் குறையலையேத்தா?”

“இல்ல சம்மாட்டியம்மா. குறைஞ்சா தேடிட்டுத்தான் கிளப்புறேன்.”

“உனக்கு? எஞ்சின் ஓடுதா?”

தொட்டுப் பார்க்காமல் சொன்னால் கண்டுபிடித்துவிடுவார்கள். நெஞ்சில் கையை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

“ஓடுது.”